கருக்காலப் பரிசோதனையும் கணவன் வன்முறையும்

கருவுற்ற பெண்ணை வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, அச்சுறுத்துகிறார்களா என்று கருக்காலப் பரிசோதனையின்போது கேட்டறியும் வழக்கம் 1990களில் மருத்துவ உலகில் வலுப்பெற்றது. இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, இரத்தசோகை, எச்.ஐ.வி. என்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் செய்யப்படும் சோதனைகளின் வரிசையில் இதையும் சேர்க்க வேண்டுமா, சேர்த்தால் யார் கேட்பது, எப்படிக் கேட்பது, ஆம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பவை அன்றிலிருந்து ஆராயப்பட்டு வருகின்றன. கேட்பதால் மறைந்திருப்பது வெளியே வருகிறது என்பதில் இன்று ஐயமில்லை. கேட்டதனால் அந்தப் பெண்ணுக்கு நன்மை விளைய வேண்டுமானால் இரண்டு தேவை: கேட்கும்போது அவள் தனியாக இருக்க வேண்டும், அவள் சொன்ன பிறகு கைகொடுக்க அந்த மருத்துவமனையிலேயே ஆள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது அவளை ஆபத்தில் தள்ளவும் கூடும்.

முதலில் பரவல். உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 15 இடங்களில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் கணவனிடமோ துணைவனிடமோ அடிபட்ட பெண்களின் விகிதம் ஜப்பானிய நகரத்தில் 1 விழுக்காடாகவும் பெருவின் உட்பகுதியில் 28 விழுக்காடாகவும் இருந்தது. அடிபட்டவர்களில் கால் பங்கு முதல் பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியிருந்தார்கள். அடித்தவன் பெரும்பாலும் வயிற்றிலிருந்த குழந்தையின் தந்தையே. இந்தியாவில் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள். தமிழ்நாட்டில் இது 38.1 விழுக்காடு. ஏதேனும் ஒரு கர்ப்பத்தின்போது தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 3.1 விழுக்காட்டினர்.

3.1 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். இந்தியாவில் கருவுற்ற பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று ஆயிரத்துக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஆனாலும் தொற்றுக்கு வாய்ப்புள்ளவர் என்று யாரையும் தனியே பொறுக்காமல் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். அது சரியான கொள்கையும்கூட. அதைவிடப் பத்து மடங்கு பேரைத் தொடும் ஒன்றைப் பற்றி, அதுவும் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடமே சொல்லப்பட்ட அளவில் பத்து மடங்கான ஒன்றைப் பற்றி, கர்ப்பகாலம் முழுவதும் ஒருவர்கூட வாய் திறந்து கேட்பதில்லை. கர்ப்பத்தின்போது வீட்டில் எல்லாரும் அவளைத் தாங்குவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். பல பெண்களுக்கு அந்த மாதங்களில் அடி நின்றுபோவது உண்மைதான். நிற்காதவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு வன்முறை கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். சிலருக்குத்தான் அது புதிதாக வருகிறது. வேண்டாத கர்ப்பம், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற நெருக்கடி, குழந்தை யாருடையது என்ற சந்தேகம், வேலைக்குப் போக முடியாமல் நின்ற சம்பளம் ஆகியவை அடிக்குச் சாக்காகின்றன.

உடலுக்கு நேரும் கேடு இரண்டு வழிகளில் வருகிறது. வயிற்றில் விழும் அடி நஞ்சுக்கொடியைக் கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரித்துவிடலாம்; இரத்தப்போக்கும் குழந்தையின் மரணமும் நேரலாம். இது நேர்வழி. மற்றது மெதுவாக நடப்பது. அச்சத்திலேயே வாழும் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பரிசோதனைக்கு வரப் பணமும் அனுமதியும் கிடைப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, கருச்சிதைவு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனச்சோர்வு ஆகியவற்றோடு கர்ப்பகால வன்முறைக்குள்ள தொடர்பைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் கொலையுண்டு இறக்கும் பெண்களின் எண்ணிக்கை, இரத்தப்போக்காலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ இறப்பவர்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. பிரசவ மரணம் என்றவுடன் இரத்த வங்கியை நினைக்கப் பழகிய மருத்துவருக்கு இந்தச் செய்தி அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

கர்ப்பிணிகளிடம் முறையாகக் கேட்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் செவிலியர்கள். அமெரிக்கச் செவிலியர்-ஆய்வாளர்களான ஜூடித் மக்ஃபார்லேனும் பார்பரா பார்க்கரும் தம் குழுவினரோடு ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களின் பொது மருத்துவமனைகளுக்கு வந்த 691 கர்ப்பிணிகளிடம் கேட்டு, 1992இல் முடிவை வெளியிட்டனர். ஆறில் ஒருவர் அந்தக் கர்ப்பத்திலேயே அடிபட்டிருந்தார். அடிபட்டவர்கள் கடைசி மூன்று மாதங்களில்தான் முதல்முறை மருத்துவமனைக்கு வருவது மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. பதிவு செய்யத் தாமதமாக வரும் பெண்ணைப் பார்த்ததும் பொறுப்பில்லாதவள் என்று கடிந்துகொள்ளும் பழக்கம் எல்லா நாட்டு மருத்துவமனைகளிலும் உண்டு. அந்தத் தாமதமே ஒரு அறிகுறியாக இருக்கலாம் என்பதை இந்த ஆய்வு சொன்னது.

அதற்கு ஓராண்டு முன்பு மக்ஃபார்லேன் வேறு சிலரோடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஒப்பீடு அளவில் சிறியது; ஆனால் நடைமுறைக்கு அதுதான் மிகவும் பயன்பட்டது. மருத்துவமனைப் படிவத்தில் வன்முறை பற்றிய வினாவை அச்சிட்டுப் பெண்களையே நிரப்பச் சொன்னபோது ஏறக்குறைய 7 விழுக்காட்டினர் ஆம் என்று குறித்தனர். செவிலியர் எதிரே உட்கார்ந்து அதையே வாயால் கேட்டபோது 29 விழுக்காட்டினர் ஆம் என்றனர். கணினித் திரையில் பதில் தருவது சில பெண்களுக்கு எளிதாக இருப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் சில சொல்கின்றன. இருந்தாலும் நம்பத்தக்க ஒருவர் கேட்டால் பெண்கள் சொல்கிறார்கள் என்ற அடிப்படை இதில் உறுதியாயிற்று. மக்ஃபார்லேன், பார்க்கர் குழுவினர் உருவாக்கிய ஐந்து வினாக்கள் கொண்ட படிவமும், அடிபட்ட இடங்களைக் குறிக்க அதோடு வரும் உடல் வரைபடமும் பல மொழிகளில் பயன்படுத்தப்பட்டன. கெவின் ஷெரினும் அவருடைய குழுவினரும் 1998இல் தந்த நான்கு வினாப் படிவம் இன்னும் சுருக்கமானது: அடிப்பது, இழிவாகப் பேசுவது, மிரட்டுவது, கத்தித் திட்டுவது ஆகிய நான்கும் எவ்வளவு அடிக்கடி என்று மட்டும் கேட்கிறது.

இதன் பிறகு ஒரு பெரிய விவாதம் எழுந்தது. ஒரு சோதனையைப் பரவலாக்குமுன் அதனால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று நிறுவ வேண்டும் என்பது மருத்துவத்தின் விதி. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஹாரியட் மக்மில்லன் தலைமையிலான குழு 26 மருத்துவ இடங்களில் 6,743 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பிரிவுப் பெண்கள் படிவத்தில் தந்த பதில் மருத்துவரின் கைக்குப் போனது. மற்றவர்களின் பதில் போகவில்லை. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு இரு பிரிவினரிடையே வன்முறையின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேட்டதால் தீங்கும் நேரவில்லை. 2015இல் காக்ரேன் அமைப்பு, மொத்தம் 14,959 பெண்கள் பங்கேற்ற 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே படம்தான் தெரிந்தது: கேட்பதால் கண்டறிதல் கூடுகிறது, அதுவும் கருக்கால மருத்துவமனைகளில் மற்ற இடங்களைவிட அதிகமாகவே கூடுகிறது, ஆனால் கேட்பது மட்டுமே வன்முறையைக் குறைத்ததற்குச் சான்று இல்லை.

இந்த முடிவுகளை வைத்துக் கேட்பதே வீண் என்று சிலர் வாதிட்டனர். அது தவறான வாசிப்பு. ஒண்டாரியோவில் சோதிக்கப்பட்டது வினா மட்டுமே. வினாவுக்குப் பிறகு என்ன செய்வது என்பது அந்தந்த மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. வாஷிங்டன் நகரில் ஆப்பிரிக்க-அமெரிக்கக் கர்ப்பிணிகள் 1,044 பேரிடையே நடந்து 2010இல் வெளியான ஆய்வில் கேள்வியோடு ஆலோசனையும் சேர்ந்தே கிடைத்தது. வழக்கமான பரிசோதனைக்கு வரும் நாளிலேயே, அதே இடத்தில், பயிற்சி பெற்றவர் ஒருவர் தனியே அமர்ந்து பாதுகாப்பு, மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசினார். வன்முறையைச் சொன்ன பெண்களில் இந்தத் துணை கிடைத்தவர்களுக்கு மீண்டும் அடிபடுவது குறைந்தது. மிகக் குறைந்த மாதத்தில் குழந்தை பிறப்பது துணை கிடைக்காதவர்களிடம் 6.6 விழுக்காடாகவும் கிடைத்தவர்களிடம் 1.5 விழுக்காடாகவும் இருந்தது. மாத்திரை இல்லை, கருவி இல்லை. சில அமர்வுகள் பேச்சு. இப்படிப்பட்ட பலன் தரும் மருந்து ஒன்று இருந்தால் அதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள்.

நாடுகளின் கொள்கைகளும் இந்தச் சான்றுகளுக்கு ஏற்பப் பிரிந்தன. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2004இல் சான்று போதாது என்றது. 2013இல் நிலையை மாற்றி, கருவுறும் வயதுப் பெண்கள் எல்லாரிடமும் கேட்டு, ஆம் என்பவர்களைத் தொடர்ந்து உதவும் சேவைகளிடம் சேர்க்கப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் மகப்பேற்று மரணங்களை ஆராய்ந்த குழு 2001இல் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, எல்லாக் கர்ப்பிணிகளிடமும் மருத்துவச்சிகள் கேட்பது வழக்கமாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி நடுவழியை எடுத்தது. மருத்துவமனைக்கு வரும் பெண்கள் எல்லாரிடமும் கண்மூடித்தனமாகக் கேட்பதை அது ஏற்கவில்லை. காயமோ தொடர்ந்த வலியோ மனச்சோர்வோ இருந்தால் கேட்கச் சொன்னது. கருக்காலப் பராமரிப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. அங்கே பெண் திரும்பத் திரும்ப வருகிறாள் என்பதால், தனியிடம், பயிற்சி, எழுதிவைத்த நடைமுறை, அனுப்பிவைக்க ஓர் இடம் ஆகியவை இருக்குமானால் கேட்கலாம் என்றது. கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டு முறை பெண் சுகாதாரப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று 2016இல் அதே நிறுவனம் வகுத்தது. வேறெந்த வயதிலும் நலமாக உள்ள ஒரு பெண் இத்தனை முறை மருத்துவமனைப் படியேறுவதில்லை.

எட்டு முறை வருகிறாள். தனியே வருவது எத்தனை முறை என்பதில்தான் இடர் இருக்கிறது. கர்ப்பிணியோடு கணவனும் மாமியாரும் வருவதைப் பொறுப்பான குடும்பத்தின் அடையாளமாகச் சுகாதாரத் துறைகள் பல ஆண்டுகளாக வளர்த்திருக்கின்றன. நல்ல குடும்பங்களில் அது நல்லதே. அடிக்கும் குடும்பத்தில் அதே வழக்கம் காவலாக மாறிவிடுகிறது. மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நிற்பவரே பதில் சொல்வதும், வெளியே இருக்கச் சொன்னால் மறுப்பதும் கவனிக்க வேண்டிய குறிகள்.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கர்ப்பிணிகளுக்கான நாளை எடுத்துக்கொள்வோம். நீண்ட பெஞ்சில் இருபது முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதலில் எடை, பிறகு கையில் இரத்த அழுத்தப் பட்டை, பிறகு விரலில் குத்தி இரத்தம். எல்லாம் ஒரே மேசையில், எல்லார் முன்னிலையிலும். மருத்துவர் அறைக் கதவு திறந்தே இருக்கும், அடுத்து உள்ளே போக வேண்டியவர் வாசலிலேயே நிற்பார். இந்த வரிசையில் ஒரு பெண் உண்மையிலேயே தனியாக இருக்கும் தருணங்கள் மூன்றுதான்: சிறுநீர் எடுக்கக் கழிவறைக்குப் போவது, வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் படுப்பது, ஸ்கேன் அறை. பிரிட்டனின் சில மகப்பேற்று நிலையங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டன. அங்கே பெண்களுக்கான கழிவறையில் சிறு ஒட்டுத்தாள்களை வைத்து, தனியே பேச விரும்புபவர் அதைச் சிறுநீர்க் குப்பியில் ஒட்டித் தந்தால் போதும் என்று அறிவிப்பு எழுதிவைத்தார்கள். வாய் திறக்க வேண்டியதில்லை. குப்பியைப் பார்த்த செவிலியர் ஏதாவது ஒரு சோதனையைக் காரணம் காட்டி அவளை மட்டும் உள்ளே அழைப்பார்.

தமிழ்நாட்டில் இதைவிட நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டு 2 மணி நேரம் காத்திருந்து இரத்தம் கொடுக்கும் முறையை சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று பரப்பினார். இன்று அது அரசு மருத்துவமனைகளின் வழக்கம். அந்த இரண்டு மணி நேரத்தில் கூட வந்தவர் டீக்கடைக்குப் போவார், மாமியார் மரத்தடியில் சாய்வார். அந்த நேரத்தில் ‘உயரம் அளக்கணும், வாம்மா’ என்று செவிலியர் ஒவ்வொரு பெண்ணையும் பத்து நிமிடம் உள்ளே அழைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. புதிய கட்டடமும் புதிய பணியிடமும் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு அறையும், கதவைச் சாத்தலாம் என்ற அனுமதியும் போதும்.

கேள்வியின் சொற்கள் அடுத்தது. ‘வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்காங்க சிஸ்டர்’ என்பதே பதில். ‘உங்க வீட்டுக்காரர் கொடுமைப்படுத்துறாரா?’ என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே வரும். வாரம் ஒருமுறை கன்னத்தில் விழும் அறையைப் பல பெண்கள் அந்தப் பெயரால் எண்ணுவதில்லை. ஆகவே நடந்த செயலைக் கேட்க வேண்டும், அதற்கு முன் எல்லாரிடமும் கேட்பதுதான் என்று சொல்லிவிட வேண்டும். ‘இங்க வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேக்குறோம்மா, உன்ன மட்டும் இல்ல. இந்த ஒரு வருஷத்துல வீட்ல யாராவது உன்ன அடிச்சாங்களா, தள்ளிவிட்டாங்களா, உதைச்சாங்களா? வயித்துல புள்ள இருக்கும்போது? வீட்ல யாரையாவது பாத்தா உனக்கு பயமா இருக்கா?’ இந்த அளவு போதும். விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவதையும் கேட்க வேண்டும். அது கடைசியில், மெதுவாக. முதல் சந்திப்பில் இல்லை என்றவர் மூன்றாவது சந்திப்பில் சொல்வது மிகச் சாதாரணம். அதனால்தான் ஒருமுறை கேட்டு முடித்துவிடாமல் மூன்று பருவங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் கேட்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உருவான படிவங்களில் பெரும்பாலானவை துணைவன் ஒருவனையே குறிவைத்தவை. கூட்டுக் குடும்பத்துக்கு அது போதாது. கர்ப்பிணியின் சாப்பாட்டை அளப்பது, பரிசோதனைக்கு அனுப்ப மறுப்பது, வரதட்சணைப் பாக்கியைச் சொல்லிக் காட்டுவது, பெண் குழந்தை என்றால் கலைத்துவிடு என்று நெருக்குவது, மகனைத் தூண்டிவிடுவது ஆகியவற்றில் மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் ஆகியோரின் பங்கு பெரிது. ‘வீட்ல யாராவது’ என்று கேட்பது இதனால்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் கணவனின் உறவினர்களை விட்டுவிடவில்லை; உடல் வன்முறையோடு பாலியல், மனரீதியான, பொருளாதார வன்முறைகளையும் அது சேர்த்தே வரையறுக்கிறது.

ஆம் என்று ஒரு பெண் சொன்ன பிறகு வரும் நிமிடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேடு ஐந்து படிகளைத் தருகிறது. குறுக்கிடாமல் கேட்பது, அவளுக்கு இப்போது என்ன தேவை என்று விசாரிப்பது, அவளை நம்புவதைச் சொல்வது, அவளுடைய பாதுகாப்பைக் கூட்டுவது, அடுத்த உதவியோடு இணைப்பது. இதில் மூன்றாவதுதான் நம் மருத்துவமனைகளில் அதிகம் தவறுகிறது. ‘நீ என்ன பண்ணின?’ என்றும் ‘புள்ள பொறந்தா சரியாயிடும், பொறுத்துக்கோ’ என்றும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பெண் மறுபடி எவரிடமும் வாய் திறப்பதில்லை. கணவனை அழைத்து அறிவுரை சொல்வது இன்னும் ஆபத்து. அவள் சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்த அன்றைய இரவை யாரும் அவளோடு கூட இருந்து கழிக்கப்போவதில்லை. ‘இது உன் தப்பு இல்லம்மா, அடிக்க யாருக்கும் உரிமை இல்ல’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது.

அடுத்து ஆபத்தின் அளவு. அமெரிக்கச் செவிலியர்-ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டில் கொலைக்கு முன்குறியாக வருபவை தொகுக்கப்பட்டுள்ளன: அடி வரவரக் கூடுவது, கழுத்தை நெரித்தது, ஆயுதத்தைக் காட்டியது, கொன்றுவிடுவேன் என்றது, ஓயாத சந்தேகம், கர்ப்பமாக இருக்கும்போது அடித்தது. கடைசிக் குறி நம் கருக்காலப் பரிசோதனைக்கு வரும், அடிபடும் ஒவ்வொரு பெண்ணிடமும் ஏற்கெனவே இருக்கிறது. கழுத்தை நெரித்த கதை வந்தால் அன்றே அவளை அனுப்பிவிடக் கூடாது. உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள ‘குழந்தையின் துடிப்பைக் கவனிக்க வேண்டும்’ என்ற காரணமே போதும். ஆபத்து உடனடியாக இல்லாதபோது பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து யோசிக்கலாம். சண்டை தொடங்கினால் அடுப்படியில் நிற்காமல் வாசல் பக்கம் வருவது, நம்பத்தக்க பக்கத்து வீட்டாரிடம் ஓர் அடையாளம் சொல்லிவைப்பது, ஆதார், குடும்ப அட்டை, தாய்சேய் அட்டை, கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒரே பையில் வைப்பது போன்றவை. வீட்டை விட்டு வெளியேறு என்று கட்டளையிடக் கூடாது. வெளியேறும் நேரமே மிக ஆபத்தான நேரம் என்பதை அவள் யாரையும்விட நன்றாக அறிவாள்.

பதிலை எங்கே எழுதுவது என்பது சிறு விஷயம் போலத் தெரிந்தாலும் உயிர் சார்ந்தது. கர்ப்பிணியின் தாய்சேய் நல அட்டை அவளோடு வீட்டுக்குப் போகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலோ பீரோவிலோ எல்லார் கைக்கும் எட்டும்படி இருக்கிறது. கணவன் அதைப் புரட்டுவான். அதில் வன்முறை என்ற சொல்லோ அதைக் குறிக்கும் எளிதில் புரியும் குறியோ இருக்கக் கூடாது. பிரிட்டனிலும் கர்ப்பிணி தன் கையில் வைத்திருக்கும் பதிவேட்டில் இதை எழுதுவதில்லை. மருத்துவமனையிலேயே தங்கும் ஆவணத்தில்தான் எழுதுகிறார்கள். அங்கே அவசியம் எழுதவும் வேண்டும். எப்போது, யார், எதனால் அடித்தது, எங்கே காயம் என்று அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிய குறிப்பு பின்னாளில் நீதிமன்றத்தில் அவளுக்குச் சான்றாகும். உதவி எண் அச்சிட்ட துண்டுத்தாளைக் கொடுப்பதும் அப்படித்தான். வேண்டுமா என்று கேட்டுவிட்டே தர வேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181 என்ற மூன்று இலக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வது எளிது.

மருத்துவமனைக்குள்ளேயே ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் மும்பை வழிகாட்டியது. மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000இல் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் ‘தில்லாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. ஆறுதல் என்பது அதன் பொருள். வெளிநோயாளிப் பிரிவுகளைப் போலவே மருத்துவமனையின் ஒரு பிரிவாக அது இயங்கியது. அதுதான் அதன் வலிமை: அங்கே போகும் பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போகிறாள் என்றே நினைப்பார்கள். மருத்துவரும் செவிலியரும் அறிகுறியைக் கண்டுகொள்ளப் பயிற்சி பெற்றார்கள். சொன்ன பெண்ணை அதே வளாகத்தில் இருக்கும் ஆலோசகரிடம் கையோடு அழைத்துப் போனார்கள். பின்னர் இது மும்பையின் வேறு பல மாநகராட்சி மருத்துவமனைகளுக்கும் பரவியது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் ‘பூமிகா’ மையங்கள் வந்தன. இலங்கையில் மாத்தறை மருத்துவமனையில் 2007இல் தொடங்கிய ‘மிதுரு பியச’, தமிழில் நட்பு நிலையம், இன்று பல மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறது. இலங்கையின் குடும்ப நல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் வீட்டுக்கே போவதால் வீட்டுச் சூழலை மருத்துவரைவிட முன்னதாக அறிகிறார்.

தமிழ்நாட்டில் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயர் சொல்லி அறிவார். மாவட்டந்தோறும் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கேட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவ உதவி தருவதை மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமையாக்குகிறது. குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை இதுவரை பதிவாகவில்லை என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும், மருத்துவமனையே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்றும், பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் விதிகள் சொல்கின்றன. இந்த விதியைக் கருக்கால மருத்துவமனைகளின் சுவரில் ஒட்டிவைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: கர்ப்பிணிக்கு 18 வயது ஆகவில்லை என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் தரும் கடமை மருத்துவமனைக்கு உண்டு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதலில் வாக்களித்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, எதைச் சொல்லியாக வேண்டும் என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

கேட்பவரின் நிலையையும் நினைக்க வேண்டும். செவிலியரும் பெண், அவர் வீட்டிலும் அடி விழலாம், தமிழ்நாட்டு எண்ணிக்கையின்படி அதற்கு வாய்ப்பு கணிசமானது. கிராமத்தில் அவரும் அந்தக் கணவனும் ஒரே தெருவில் வசிக்கக்கூடும். இவள்தான் என் பெண்டாட்டியைக் கெடுத்தாள் என்று அவன் வாசலில் வந்து நிற்கலாம். பயிற்சி என்ற பெயரில் அரை நாள் வகுப்பெடுத்து அவரைத் தனியே விட்டால் மூன்றாவது மாதம் கேள்வி நின்றுபோகும். அழைத்தால் எடுக்கும் ஆலோசகரின் எண், மாதம் ஒருமுறை மூத்தவரோடு பேசும் நேரம், மிரட்டல் வந்தால் துறை தன் பெயரில் புகார் தரும் உறுதி ஆகிய மூன்றும் இருந்தால் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நம் வழக்கத்தில் முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். வளைகாப்பு முடிந்து ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பரிசோதனையும் வேறு சுகாதார நிலையத்துக்கு மாறுகிறது. அடிபடும் பெண்ணுக்கு இது அரிய வாய்ப்பு: கூட வருபவர் இப்போது அம்மா, கணவன் தொலைவில் இருக்கிறான். முன்பு சொல்லாததை இங்கே சொல்லலாம். திரும்பிப் போவதா, எப்போது, என்ன உறுதியோடு என்று யோசிக்க மூன்று நான்கு மாத இடைவெளியும் கிடைக்கிறது. தாயின் முன்னிலையிலும் கேட்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். பொறுத்துப் போ என்று சொல்லி அனுப்பியவர் பல நேரம் அவரே. குழந்தையோடு கணவன் வீடு திரும்பிய பிறகு வன்முறை மீண்டும் தொடங்குவதும், முன்னைவிடக் கூடுவதும் உண்டு. அப்போது கருக்காலப் பரிசோதனை முடிந்துபோயிருக்கும். ஆனால் குழந்தைக்கு 6ஆம், 10ஆம், 14ஆம் வாரங்களில் தடுப்பூசி உண்டு. அந்த மூன்று நாட்களிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் வருவாள். எடை பார்க்கக் குழந்தையைக் கையில் வாங்கும் செவிலியர், எடை மேசையை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், அதே கேள்வியை அங்கேயும் கேட்கலாம்.